1953 முடிசூட்டு கவுனை பார்பி அளவில் தைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பொம்மைக்கு ஒரு ராஜ குடும்பத்து கவுன் தைக்கலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது டயானாவின் 1981 கல்யாண கவுனில்தான். அழகுதான், ஆனால் அதன் பின்தோகை 25 அடி. ஆறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 4 அடிக்கு மேல் வருகிறது, அலமாரியில் எங்கே விரிப்பது? என்னைக் கேட்டால் எலிசபெத் ராணி 1953 ஜூன் 2 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முடிசூட்டலுக்கு அணிந்த கவுனை எடுங்கள் என்பேன். வெட்டு ரொம்ப எளிமை: இதய வடிவக் கழுத்து, உடம்போடு ஒட்டிய மேல்பகுதி, குட்டைக் கை, விரிந்த பாவாடை. அவ்வளவு ராஜ களையும் வேலைப்பாட்டில்தான் இருக்கிறது. ஆரி வேலை தெரிந்தவர்களுக்கு பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

கவுனை வடிவமைத்தவர் நார்மன் ஹார்ட்னெல், ராணியின் 1947 கல்யாண கவுனைச் செய்தவரும் அவரே. முடிசூட்டலுக்கு அவர் முதலில் வரைந்து கொடுத்ததில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் சின்னங்கள் மட்டும்தான் இருந்தன. காமன்வெல்த் நாடுகளின் பூக்களும் வரவேண்டும் என்று ராணி சொல்ல, கனடாவின் மேப்பிள் இலை, ஆஸ்திரேலியாவின் வாட்டில் பூ, நியூசிலாந்தின் ஃபெர்ன், தென்னாப்பிரிக்காவின் புரோட்டியா, பாகிஸ்தானின் கோதுமை, பருத்தி, சணல், அப்புறம் இந்தியாவுக்கு ஒரு தாமரை, இலங்கைக்கு இன்னொரு தாமரை என்று எல்லாம் சேர்ந்தன. 1954இல் ராணி இலங்கைக்குப் போனபோது அங்கே நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்க இதே கவுனைத்தான் அணிந்தார்.

எந்த நேரத்துக் காட்சி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

துணி எடுப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் அன்று ஒரே நாளில் ராணியின் தோற்றம் பலமுறை மாறியது. அபேக்குப் போகும்போது தலையில் நான்காம் ஜார்ஜின் வைரப் பட்டம், தோளில் சிவப்பு வெல்வெட் அங்கி. எண்ணெய் பூசும் சடங்கின்போது கவுனுக்கு மேலே ஒரு சாதாரண வெள்ளை உடை. செயின்ட் எட்வர்ட் கிரீடம் சூட்டியபோது மேலே தங்க நிற அங்கிகள், கவுன் கண்ணிலேயே படாது. வெளியே வரும்போது இம்பீரியல் ஸ்டேட் கிரீடமும் ஊதா அங்கியும். அரண்மனையில் செசில் பீட்டன் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருப்பது இந்தக் கடைசித் தோற்றம்தான். அதை வைத்துக்கொண்டு செய்வதே நல்லது, ஏனென்றால் கவுனின் முன்பக்கம் முழுக்கத் தெரியும், ஒப்பிட்டுப் பார்க்க படமும் கைவசம் இருக்கும். கவுன் ராயல் கலெக்‌ஷன் வசம் இருக்கிறது, அவர்கள் தளத்திலுள்ள படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேலைப்பாடு நன்றாகத் தெரியும். முன்பக்கப் படம் ஒன்றை பொம்மையின் அளவுக்கே பிரிண்ட் எடுத்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவில் கண்ணுக்குத் தெரியாத எதையும் தைக்க வேண்டிய அவசியம் இல்லை.

பொம்மையும் அளவும்

பார்பி 29 செ.மீ., அதாவது 1:6 அளவு. ஆனால் ராணியின் நிஜ அளவுகளை ஆறால் வகுத்து உட்காராதீர்கள். 29 செ.மீ.யை ஆறால் பெருக்கினால் 174 வரும், ராணி அவ்வளவு உயரம் இல்லை, பார்பியின் இடுப்போ மனிதக் கணக்கில் எதிலும் சேராது. படத்திலிருந்து விகிதத்தை மட்டும் எடுங்கள்: இடுப்பிலிருந்து தரை வரை நூறு பங்கு என்றால் முதல் அடுக்கு எத்தனை பங்கில் முடிகிறது, விளிம்பின் அகலம் இடுப்பைப் போல எத்தனை மடங்கு, இப்படி. 16 அங்குலப் பொம்மை வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம், மணியும் நூலும் அந்த அளவுக்கு நன்றாக ஒத்துப்போகும்.

கீழே நான் சொல்லும் எண்கள் இடுப்பு 9 செ.மீ., இடுப்பிலிருந்து தரை 18 செ.மீ. என்று வைத்துப் போட்டவை. உங்கள் பொம்மைக்குச் செருப்பு மாட்டி நிற்கவைத்து அளந்து, எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

துணி

நிஜ கவுன் கனமான வெள்ளை சாட்டின். அதே கனத்தில் வாங்கினால் பொம்மை மேல் அட்டை போல நிற்கும். பொம்மைத் தையலில் எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் வருகிறது: உடம்பைச் சின்னதாக்கலாம், துணியின் தடிமனும் கனமும் கூடவே சின்னதாகாது. அதனால் கையில் எடுத்தால் வழுக்கி ஓடும் அளவுக்கு மெல்லிய பட்டு சாட்டின், கிடைக்காவிட்டால் கிரேப் சாட்டின். ரெடிமேட் பூவிலும் ரிப்பனிலும் வரும் பளபள பாலியஸ்டர் சாட்டின் வேண்டவே வேண்டாம், போட்டோ எடுத்தால் பிளாஸ்டிக் கவர் மாதிரி தெரியும். பாலியஸ்டர்தான் கிடைத்தது என்றால் துணியைத் திருப்பி மங்கலான பக்கத்தை வெளியே வையுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

இதோடு லைனிங்குக்கு வாயில் (voile) என்ற மெல்லிய பருத்தித் துணி, உள்பாவாடைக்கு நெட், சாட்டினுக்குப் பின்னால் கொடுக்க ஆர்கன்சா. எல்லாவற்றிலும் அரை மீட்டர் போதும், எதையும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடாமல் வெட்டாதீர்கள்.

பேட்டர்ன்

மேல்பகுதிக்கு: பொம்மையின் முடியை ஒரு கவருக்குள் கட்டிவிட்டு, உடம்பில் கிளிங் ஃபிலிம் சுற்றி, அதற்கு மேல் காகித டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டி மூடுங்கள். இதயக் கழுத்து, தோள், கைக்குழி, பக்கத் தையல், மார்பின் நடுவாக இறங்கும் பிரின்சஸ் கட் எல்லாவற்றையும் பேனாவால் அதன் மேலேயே வரைந்துவிட்டு, முதுகு நடுவில் வெட்டி எடுத்து, கோடுகள் வழியே பிரித்துத் தட்டையாக்கினால் பேட்டர்ன் தயார். சுற்றிலும் 5 மி.மீ. தையல் இடம் விடுங்கள். பிளவுஸ் தைக்கிற பழக்கத்தில் ஒரு அங்குலம் விட்டால் உள்ளே துணி மடிந்து பொம்மைக்குத் தொப்பை வந்துவிடும். காகித டிஷ்யூவிலோ பழைய வாயிலிலோ ஒருமுறை வெட்டி மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாட்டினைத் தொட வேண்டும்.

பாவாடைக்குச் சுருக்கு வேண்டாம். இடுப்பில் சுருக்கு வைத்தால் 9 செ.மீ. இடுப்பு 12 ஆகிவிடும். ஒரே துண்டாக அரைவட்டமாக வெட்டுங்கள்: இடுப்பு 9 செ.மீ.க்கு உள் ஆரம் 2.9 செ.மீ., அதோடு நீளம் 18 சேர்த்தால் வெளி ஆரம் 20.9, விளிம்பு ஏறக்குறைய 65 செ.மீ. வரும். முதுகு நடுவில் மட்டும் ஒரே ஒரு தையல். துண்டு துண்டாக வெட்டி இணைத்தால் விரிவு இன்னும் அழகாக விழும் என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு தையலிலும் வேலைப்பாட்டுக் கோடு பிசகாமல் சேர வேண்டுமே. அரைவட்டத்தில் அந்தத் தலைவலியே கிடையாது. கொக்கி வைப்பதற்கு முதுகில் ஒரு பக்கம் மட்டும் 1 செ.மீ. கூடுதலாக விடுங்கள்.

எம்பிராய்டரி

வெட்டுவதற்கு முன்னால் வேலைப்பாடு. ஆரி பிளவுஸுக்குச் செய்வதைப் போலவே வடிவத்தைத் துணியில் வரைந்து, ஃப்ரேமில் கட்டி, வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் கத்தரி. சாட்டினுக்கு அடியில் ஆர்கன்சாவை வைத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு ஃப்ரேமில் இழுத்துக் கட்டினால் துணி சுருங்காது, பின்னால் ஓடும் நூலும் வெளியே தெரியாது. ட்ரேஸிங்குக்கு மண்ணெண்ணெய், நீலம் கலக்கும் முறை வெள்ளைச் சாட்டினுக்கு ஆகாது. டிஷ்யூ காகிதத்தில் வரைந்து, அதைத் துணி மேல் வைத்து, காகிதத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுப்பதுதான் பத்திரம்.

பாவாடையின் வேலைப்பாடு மூன்று அடுக்கு, ஒவ்வொன்றின் விளிம்பும் வளைவு வளைவாக இருக்கும், கீழே போகப்போக அடுக்கு அகலமாகும். 18 செ.மீ.யை மேலிருந்து 4.5, 6, 7.5 என்று பிரித்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் தங்க நிறக் குழல் மணி, வைரக்கல், முத்து என்று மாறி மாறி வரிசைகள் ஓடுகின்றன.

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண பாசிமணி 2 மி.மீ. பொம்மைக்கு அது 12 மி.மீ., கோலிக்குண்டு அளவு. சுகர் பீட்ஸில் மிகச் சின்னதே 1.5 மி.மீ. சுமாருக்குத்தான் கிடைக்கும், அதுவும் 9 மி.மீ. ஆகத் தெரியும். மணி கோக்கிற பழக்கமுள்ளவர்களுக்குக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். மூன்று அடுக்கின் விளிம்பு நீளத்தைக் கூட்டினால் 23, 42, 65 என்று 130 செ.மீ., வளைவுக்கு இன்னும் கொஞ்சம். ஒரு மி.மீ. மணியை இடைவெளி இல்லாமல் வைத்தால் ஒரு வரிசைக்கே 1300க்கு மேல், மூன்று வரிசைக்கு 4000ஐத் தொடும், அதன் எடைக்கு மெல்லிய சாட்டின் தொங்கிப்போகும்.

அதனால் மூன்று வரிசைக்கும் மூன்று வெவ்வேறு வழி. தங்கக் குழல் மணிக்குப் பதிலாக மெல்லிய ஜரிகை ஒரு இழையைக் கோட்டின் மேல் படுக்கவைத்து 3 மி.மீ.க்கு ஒருமுறை சின்னத் தையலால் பிடியுங்கள். தையலுக்குத் தையல் ஜரிகை லேசாக மடங்கி ஒளி உடைவதால் மணி மாதிரியே மின்னும். முத்து வரிசைக்கு வெள்ளைப் பட்டு நூலில் ஒரே சுற்று பிரெஞ்ச் நாட் (ஊசியில் நூலைச் சுற்றி இறக்கும் குட்டி முடிச்சு), ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ. இடைவெளியில். வைரக்கல்லுக்கு மட்டும் நிஜக் கல்: எஸ்எஸ்3 என்று விற்கும் 1.4 மி.மீ. கல், 5 மி.மீ.க்கு ஒன்று. நெயில் ஆர்ட் கடைகளில் ஓட்டை இல்லாத பொடி முத்து டப்பாவில் கிடைக்கும், சின்னங்களின் நடுவில் ஒட்ட அது அருமையானது.

சின்னங்களுக்கு வருவோம். இந்த கவுனின் உயிர் இதில்தான். எந்த வளைவில் எந்தச் சின்னம் என்பதைப் படத்தைப் பார்த்து வையுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ.க்கு மேல் போக வேண்டாம், ஆறு இழை எம்பிராய்டரி நூலில் ஒரே ஒரு இழை, 12ஆம் நம்பர் ஊசி. நிறங்கள் எல்லாமே வெளிறியவை, இதை மறந்து அடர் பச்சையும் அடர் மஞ்சளும் எடுத்தால் தலையணை உறை மாதிரி ஆகிவிடும்.

இங்கிலாந்தின் ரோஜா: மிக வெளிர் இளஞ்சிவப்பில் ஐந்து லேஸி டெய்சி (இதழ் வடிவில் வரும் கண்ணித் தையல்), நடுவில் ஒரு பொடி முத்து, இதழ் ஓரத்தில் ஜரிகை. ஸ்காட்லாந்தின் முட்பூ: வெளிர் ஊதாவில் விசிறி போல ஏழெட்டு நேர் தையல், அடியில் சாம்பல் பச்சையில் சின்னக் கிண்ணம், அதன் மேல் வெள்ளி இழை குறுக்கே இரண்டு. அயர்லாந்தின் ஷாம்ராக்: மூன்று இலை, வெளிர் பச்சை. வேல்ஸுக்கு ஹார்ட்னெல் டாஃபோடில் பூவைத்தான் நினைத்திருந்தார், சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரியோ அதெல்லாம் இல்லை, வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக் கீரைதான் என்று சொல்லிவிட்டார். பாவம், காய்கறியை ராணி உடையில் எப்படி வைப்பது என்று ஹார்ட்னெல் தவித்திருப்பார், ஆனால் வெள்ளைப் பட்டும் வைரமுமாக அதையும் அழகாக்கிவிட்டார். நமக்கு அது ரொம்பச் சுலபம்: கீழே வெள்ளையில் நாலு நேர் தையல், மேலே விரியும் வெளிர் பச்சை இலைகள்.

வாட்டில் மஞ்சள் பிரெஞ்ச் நாட்டுகளின் கொத்து. ஃபெர்ன் இலைக்கு வரிசையாக ஃப்ளை ஸ்டிச் (Y வடிவத் தையல்), நடு நரம்பில் வெள்ளி இழை. மேப்பிள் இலை பச்சையில், ஓரம் ஜரிகையில். சிவப்பில் தைத்துவிடாதீர்கள், நிறையப் பேர் கனடாக் கொடியை நினைத்துக்கொண்டு சிவப்பு எடுக்கிறார்கள், அந்தக் கொடி வந்ததே 1965இல். புரோட்டியா இளஞ்சிவப்பில், இதழ் ஓரம் வெள்ளி. கோதுமைக் கதிருக்கு ஆரி வேலைக்கு வாங்கும் ஜர்தோசியை 2 மி.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தால் போதும், வேறு எதுவும் அவ்வளவு பொருந்தாது.

இரண்டு தாமரையும் ஒன்றுபோல வரக்கூடாது. நிஜ கவுனில் இந்தியத் தாமரை முத்துச்சிப்பி, பொடி முத்து, வைரம். இலங்கைத் தாமரையில் அதோடு ஓபல் கற்களும் மெல்லிய பச்சையும். பொம்மையில் இதைக் காட்ட, இந்தியத் தாமரை இதழ்களை வெள்ளைப் பட்டில் சாட்டின் ஸ்டிச்சில் நிரப்பி நடுவில் பொடி முத்து வையுங்கள், இலங்கைத் தாமரைக்கு வெள்ளையோடு வானவில் சாயல் அடிக்கும் மெட்டாலிக் இழை ஒன்றைச் சேர்த்து முறுக்கித் தைத்து, அடியில் பச்சை இலை கொடுங்கள். பக்கத்தில் வைத்து விளக்கைத் திருப்பினால் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. ஹார்ட்னெல் பாவாடையின் இடது பக்கத்தில் ராணிக்கே சொல்லாமல் நாலு இலை ஷாம்ராக் ஒன்றைக் கூடுதலாகத் தைத்து வைத்தார், அதிர்ஷ்டத்துக்கு, கை இயல்பாகப் படும் இடத்தில். உங்கள் பொம்மையின் இடது கை தொங்கும்போது விரல் எங்கே படுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அங்கே நாலு லேஸி டெய்சி. 4 மி.மீ. போதும்.

தைக்கும் வரிசை: முதலில் அடுக்குக் கோடுகளின் ஜரிகை, அடுத்து சின்னங்கள், அப்புறம் நாட், எல்லாம் முடிந்து வெட்டித் தைத்து இஸ்திரியும் போட்ட பிறகு கல். கல்லுக்கு உடனே பிடிக்கும் சூப்பர் க்ளூ வேண்டாம், ஆவியில் கல் மங்கிப்போகும், துணியும் கட்டியாகும். பி-7000 மாதிரிப் பசையை ஊசி முனையில் தொட்டு வையுங்கள். இஸ்திரி எப்போதும் தடித்த துண்டின் மேல் வேலைப்பாட்டைக் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து.

உள்பாவாடை

நிஜ கவுனுக்கு உள்ளே டஃபேட்டா லைனிங்கும் அதற்கு விறைப்புக் கொடுக்கும் குதிரைமுடி அடுக்குகளும் உண்டு, இல்லாவிட்டால் அந்த எடைக்குப் பாவாடை சரிந்திருக்கும். பொம்மையில் நிலைமை நேர்மாறு: துணிக்குத் தன் எடையில் தொங்கத் தெரியாது, எங்கே விட்டாலும் அப்படியே நிற்கும். மெல்லிய நெட்டில் இரண்டு அடுக்கு அரைவட்டப் பாவாடை, மேல் அடுக்கு முழங்கால் வரைதான். இரண்டும் இடுப்பில் ஆரம்பிக்காமல் 2 செ.மீ. கீழே, ஒட்டிய வாயில் பட்டையில் ஆரம்பிக்கட்டும். கேன்கேன் நெட் இந்த அளவுக்குக் கரடுமுரடு, அதன் பக்கமே போகாதீர்கள்.

பாவாடை விளிம்பை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால் தடித்துவிடும். அதே அரைவட்டத்தில் வாயில் லைனிங் வெட்டி, முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் தைத்து, தையல் இடத்தை 3 மி.மீ.க்கு வெட்டி, புறத்தே திருப்பிவிடுங்கள். விளிம்பு கத்தி போல நிற்கும். தொங்கல் சரியாக வர, பொம்மைக்கு மாட்டி, தெர்மாகோல் பலகையில் நிறுத்தி, மடிப்புகளைக் குண்டூசியால் கீழே பிடித்து, தூரத்திலிருந்து ஆவி காட்டி ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள்.

மேல்பகுதி

வேலைப்பாட்டை முடித்து வெட்டிய துண்டுகளின் விளிம்பு பிரியாமல் இருக்க, துணிப் பசையை நீரில் கரைத்து அதன் மேல் தொட்டு வையுங்கள். பாலியஸ்டர் என்றால் ஊதுபத்தியால் லேசாக ஓட்டலாம், பட்டில் அது நடக்காது, கருகும். தோளைச் சேர்த்ததும் கையைத் தட்டையாக இணைத்துவிட்டு, அதற்குப் பிறகு பக்கத் தையலையும் கைத் தையலையும் ஒரே ஓட்டமாகப் போடுங்கள். இந்த அளவில் முடித்த கைக்குழிக்குள் கையைப் பொருத்தவே முடியாது. முதுகில் வெல்க்ரோ வேண்டாம், நூலைப் பிடித்துக் கிழிக்கும். குட்டி டிச் பட்டன் இரண்டு, அல்லது ஹூக்கும் நூல் கண்ணியும். மாட்டும்போது பொம்மையின் விரல்களைச் சின்னக் கவரில் சுற்றிக்கொண்டால் லைனிங்கில் சிக்காது.

அங்கி, நகை

ஊதா அங்கியின் தங்க வேலையை ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க்கில் 12 பேர் 3500 மணி நேரம் உட்கார்ந்து செய்தார்கள், ஓரமெல்லாம் கோதுமைக் கதிரும் ஆலிவ் கிளையும். நமக்கு ஓரத்தில் ஜரிகைக் கோடு ஒன்றும், இடையிடையே இலையும் கதிரும் போதும். வெல்வெட்டில் மிக மெல்லியதாக, முடி குட்டையாக இருப்பதைத் தேடுங்கள். வெள்ளை ஃபர் பட்டையில் கரும்புள்ளிகளை மார்க்கரால் வைக்காதீர்கள், நாளாக நாளாக மை பரவும், அக்ரிலிக் பெயின்டைக் குச்சி முனையில் தொட்டு வையுங்கள். அங்கியின் எடை பொம்மையைப் பின்னால் சாய்க்கும், அதனால் தோளில் மறைவாக இரண்டு ஹூக், ஸ்டாண்ட் இடுப்பைப் பிடிக்கும் வகையாக இல்லாமல் கால்களுக்கு நடுவே தாங்கும் வகை. இடுப்புப் பிடி ஜரிகையை நசுக்கிவிடும்.

ஊதா, சிவப்பு வெல்வெட் இரண்டுமே சாயம் விடும், பொம்மையின் வினைல் பிளாஸ்டிக் அதை உறிஞ்சிக்கொண்டால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. துணியை நீர் தெளியும்வரை அலசி, வெள்ளை லைனிங் கொடுத்து, பொம்மையின் தோலில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் விக்டோரியா காலத்து வைர மாலை, அதற்கு எஸ்எஸ்3, எஸ்எஸ்4 கற்களை அளவு ஏறுவரிசையில் நைலான் நூலில் ஒட்டினால் ஆயிற்று. கம்மலுக்குச் செம்பு கலந்த கம்பியைக் காதில் குத்தாதீர்கள், பழைய பார்பிகளின் காது பச்சையாகிப் போனதற்கு அதுதான் காரணம். துருப்பிடிக்காத எஃகு ஊசியோ நைலான் நூலோ போதும். முடிந்ததும் கண்ணாடிப் பெட்டியில், வெயில் நேராக விழாத சுவரோரம், மூலையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள்.